பரணில் செத்த எலி: கொள்ளைநோய் வரலாற்றில் விடுபட்ட கைகள்



இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவாக ஆண்டுதோறும் நடக்கிறதோ, அந்த அய்யா ஒரு துப்புரவுப் பணியாளரின் மகன். கூட்டங்களில் அரசியலும் இலக்கியமும் பேசி முடித்து, டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் தன் அம்மாவைப் பற்றிப் பேசுவார். அப்படி அவர் அடிக்கடி சொன்ன ஒரு செய்தியிலிருந்து இந்த ஆண்டுப் பேச்சைத் தொடங்குகிறோம்.

அவருடைய அம்மாவுக்கு மேலத்தெரு வீடுகளின் திண்ணை தெரியாது, கூடம் தெரியாது. ஆனால் எல்லா வீட்டுப் பரணும் தெரியும். பரணில் எலி செத்து நாறும்போது, ‘எலி செத்துக் கெடக்குது, ஏறிப் பாரு’ என்று கொல்லைப்புறமாக அழைத்துப் போவார்கள். சமையலறையைத் தாண்டி, சில வீடுகளில் பூசை அறையைத் தாண்டி, ஏணி வைத்து ஏறி, பழைய பாத்திரங்களுக்கும் நெல் குதிருக்கும் இடையில் கையை விட்டு எடுத்து வருவார். வாலைப் பிடித்துத் தூக்கி, கொண்டுவந்த தகர டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு வெளியேறுவார். அவர் வெளியேறியதும் பின்னாலேயே தண்ணீர் ஊற்றுவார்கள், சாணம் தெளிப்பார்கள். அந்தத் தண்ணீர் எலி கிடந்த இடத்துக்கா, அம்மா நடந்த இடத்துக்கா என்று அய்யா கேட்பார். எங்களில் யாரும் பதில் சொன்னதில்லை.

தீண்டாமை அரை மணி நேரம் விலக்கி வைக்கப்படும் சந்தர்ப்பங்கள் சாதி இந்துக்களின் வீடுகளில் மிகச் சில. செத்த எலி அவற்றில் ஒன்று. வீட்டில் எலி என்பது எல்லோருக்கும் உள்ள தொல்லைதான். பொறி வைப்பதும் மருந்து வைப்பதும் பூனை வளர்ப்பதும் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் எலியைக் கொல்வது யார், கொன்றதை அப்புறப்படுத்துவது யார், அப்புறப்படுத்தியவர் கைக்கு என்ன மரியாதை என்று கேட்டால், அங்கே சாதி வந்து நின்றுவிடுகிறது. விநாயகருக்கு வாகனம் என்று கும்பிடப்படும் அதே பிராணியைக் கையால் எடுப்பவரைத்தான் தொடக்கூடாது என்றார்கள்.

இந்தக் கேள்வியை வரலாற்றில் வைத்துப் பார்க்க நமக்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1896இல் பம்பாயில் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவை ஆட்டிய பிளேக். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1907ஆம் ஆண்டில் மட்டும் பதிவான சாவு 13 இலட்சத்தைத் தாண்டியது. நம் பாடப்புத்தகங்களில் இது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்திலும் மருத்துவர்களும் வெள்ளை அதிகாரிகளும் தேசபக்தர்களும்தான் வருகிறார்கள்.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் அகாசியோ வீகாஸ் என்ற மருத்துவர் முதல் நோயாளிகளைக் கண்டறிந்தார். மாண்ட்வி எப்படிப்பட்ட இடம் என்பதை இங்கே நின்று கவனிக்க வேண்டும். அது துறைமுகத்தை ஒட்டிய வணிகப் பகுதி. கீழே தானியக் கிடங்கு, மேலே குடியிருப்பு என்று அடுக்கடுக்கான கட்டடங்கள். எலிக்கு வேண்டியது தானியமும் மறைவிடமும்தான். இரண்டும் மாண்ட்வியில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஹாங்காங்கில் 1894இல் பரவிய நோய் கப்பல் வழியே வந்து இறங்கியது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆக, கடல் வணிகமும் தானிய வணிகமும் கொண்டுவந்த நோய் இது. ஆனால் நோய்க்குக் காரணம் என்று சுட்டப்பட்டது ஏழைகளின் குடிசையும் அவர்களுடைய ‘அசுத்தமான பழக்கங்களும்’.

மாண்ட்வியில் மனிதர்கள் விழுவதற்கு முன்னால் எலிகள் விழுந்ததை மக்கள் பார்த்திருந்தார்கள். பகல் வெளிச்சத்தில், ஆள் நடமாட்டத்தைப் பற்றிய பயமில்லாமல், குடித்தவன்போலத் தள்ளாடி வந்து நடுக்கூடத்தில் எலி சாவது சாதாரணக் காட்சியல்ல. எலி விழுந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்ற அறிவு, கொள்ளைநோயைப் பலமுறை கண்ட மலைநாட்டு மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஏட்டறிவு இதை ஏற்றுக்கொள்ளப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

நகராட்சி என்ன செய்தது? சாக்கடைகளைக் கடல்நீராலும் கார்பாலிக் அமிலத்தாலும் கழுவித் தள்ளியது. வீட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது. வெயில் உள்ளே வரட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தது. குடியிருக்கத் தகுதியற்றது என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துகளை வீட்டுச் சுவர்களில் எழுதியது. சாக்கடையில் வாழ்ந்த எலிகளை இப்படி விரட்டினால் அவை எங்கே போகும்? வீட்டுக்குள் ஏறும். நோயைத் துரத்துவதாக நினைத்து நோயைப் பரப்பியிருக்கலாம் என்று பின்னாளில் எழுதியவர்கள் உண்டு.

இனி, நம் பாடப்புத்தகங்களில் இல்லாத ஒரு பகுதி. 1891 கணக்குப்படி பம்பாயின் மக்கள்தொகை 8 இலட்சத்துக்குச் சற்று மேல். அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். வணிகர்கள் போனார்கள், ஆலைத் தொழிலாளர்கள் போனார்கள். இந்த ஓட்டத்தில் அதிகாரிகளை மிகவும் கலங்கவைத்தது வணிகரின் ஓட்டமல்ல. மலம் அள்ளும் ஹலால்கோர்களும் தெருக்கூட்டுவோரும் போய்விட்டால் என்ன ஆகும் என்பதுதான். அவர்கள் ஒரு வாரம் வேலையை விட்டால் நகரமே மனிதர் வாழ முடியாத இடமாகிவிடும் என்ற பயம் அன்றைய நகராட்சி ஆணையர் ஸ்னோவுக்கு இருந்தது. நோயாளிகளைக் கட்டாயப்படுத்தி மருத்துவமனைக்கு இழுத்துச்செல்லும் விதியை 1896 அக்டோபர் இறுதியில் நகராட்சி தளர்த்தியதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

தோழர்களே, இதை நாம் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது. பிரித்தானியப் பேரரசின் இரண்டாவது நகரம் என்று பெருமை பேசப்பட்ட ஊர், சமூகத்தின் கடைசிப் படியில் வைக்கப்பட்ட சில ஆயிரம் பேர் தங்குவார்களா போவார்களா என்று முகம் பார்த்து நின்றது. பேரம் பேசும் வலிமை அந்தக் கணத்தில் அவர்களிடம் இருந்தது. அது சங்கமாகத் திரண்டு எழ இன்னும் பல ஆண்டுகள் ஆயின என்பது வேறு செய்தி.

1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. 2020இல் கொரோனாவுக்காக எடுத்து வீசப்பட்டதும் இதே சட்டம்தான். புனாவில் ராண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்தார்கள். சமையலறை, பூசை அறை, பெண்கள் இருக்கும் அறை எதையும் விடவில்லை. மக்கள் கொதித்தார்கள். 1897 ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். தேசிய வரலாறு இந்தத் துப்பாக்கிச் சத்தத்தைத்தான் பிளேக்கின் நினைவாக வைத்திருக்கிறது. சிப்பாயின் கொடுமையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஏழைப் பெண்கள் மீதும் அது விழுந்தது. ஆனால் அந்தக் கோபத்தில், அந்நியன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான், தீட்டாகிவிட்டது என்ற கோபமும் கலந்திருந்தது. தீட்டுப் படும் என்ற அச்சம் இல்லாதவர்கள் அதே புனாவில் வேறு ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

சாவித்திரிபாய் புலேயின் வளர்ப்பு மகன் யஷ்வந்த் ஒரு மருத்துவர். புனாவுக்கு வெளியே, ஹடப்சர் பக்கம், திறந்த வெளியில் பிளேக் நோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை இடம் நடத்தினார். முண்ட்வா ஊருக்கு வெளியே இருந்த மகர் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டது. கெய்க்வாட் குடும்பத்துப் பிள்ளை. சாவித்திரிபாய் போனார், சிறுவனைத் தன் முதுகில் சுமந்துகொண்டு மகனிடம் வந்தார். சிறுவன் பிழைத்தான். சாவித்திரிபாய்க்கு நோய் தொற்றி 1897 மார்ச் 10ஆம் நாள் இறந்தார். அப்போது அவருக்கு 66 வயது. ராண்ட் சுடப்படுவதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்தது இது. சாபேகர்களுக்குச் சிலை இருக்கிறது, திரைப்படம் இருக்கிறது. 66 வயதுப் பெண் ஒருவர் தீண்டப்படாத பிள்ளையை முதுகில் சுமந்து நடந்த அந்த வழியைப் புனாவில் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

அறிவியல் பக்கம் வருவோம். இதிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறோம்.

பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898 ஜூன் 2ஆம் நாள் கராச்சியில் ஒரு சோதனை செய்தார். நோய்கண்ட எலியை ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையில் விட்டார். அதன் உடம்பில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன. எலி சாகும் தறுவாயில், நல்ல எலி ஒன்றைச் சின்னக் கம்பிக்கூண்டில் அடைத்து அதே குடுவைக்குள் இறக்கினார். இரண்டு எலியும் ஒன்றையொன்று தொட முடியாது. தெள்ளு மட்டும் தாண்டலாம். சில நாளில் நல்ல எலியும் பிளேக்கில் செத்தது. எலி செத்ததும் உடல் குளிர்கிறது, தெள்ளு வேறு சூடான உடலைத் தேடுகிறது, பக்கத்தில் மனிதன் இருந்தால் அவனைக் கடிக்கிறது. இவ்வளவுதான் கதை. அந்த ஆண்டே எழுதி வெளியிட்டார். யாரும் நம்பவில்லை. அரசு அமைத்த பிளேக் ஆணையம் 1898-99இல் நாடெங்கும் சுற்றி விசாரித்தது. தெள்ளுக் கருத்தைத் தள்ளிவைத்தது. மனிதனும் அவன் துணிமணியும் அழுக்கும்தான் நோயைக் கொண்டுபோகின்றன என்ற பக்கமே அது சாய்ந்தது.

ஏன் தள்ளினார்கள்? சோதனையின் குறைகளைச் சொன்னார்கள். அது ஓரளவு நியாயமும்கூட. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது என்பது எங்கள் எண்ணம். அழுக்குதான் நோய் என்றால், அழுக்கில் வாழ்கிறவன் குற்றவாளி ஆகிறான். அவன் வீட்டை இடிக்கலாம், சாமானைக் கொளுத்தலாம், ரயிலிலிருந்து இறக்கலாம். தெள்ளுதான் நோய் என்றால், கிடங்கு முதலாளியின் தானிய மூட்டையையும் கப்பல் கம்பெனியையும் கேள்வி கேட்க வேண்டிவரும். முதல் விளக்கம் அதிகாரத்துக்கு வசதியானது. கொரோனாவின் முதல் மாதங்களில் யார் மீது பூச்சிமருந்து அடித்தார்கள், விமானத்தில் வந்தவர்கள் மீதா, நடந்து ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்கள் மீதா என்று நினைத்துப் பாருங்கள்.

1905க்குப் பிறகு பம்பாயின் பரேலில் இயங்கிய ஆய்வுக்குழு இந்தக் கேள்வியை முடித்துவைத்தது. லிஸ்டன் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். சிறு சிறு குடில்கள் கட்டினார்கள். தெள்ளு இல்லாத குடிலில், நோய்கண்ட கினிப்பன்றியும் நல்ல கினிப்பன்றியும் ஒன்றாகத் தின்று ஒன்றாகப் படுத்தாலும் நோய் பரவவில்லை. தெள்ளு இருந்தால் பரவியது. தெள்ளு தாவ முடியாத உயரத்தில் கூண்டைத் தொங்கவிட்டால் உள்ளே இருந்தது பிழைத்தது. தரையில் இருந்தது செத்தது. சாக்கடை எலியையும் வீட்டு எலியையும் தனித்தனியாகக் கவனித்தார்கள். முதலில் சாக்கடையில் வாழும் பழுப்பு எலி சாகிறது, சில நாள் கழித்து ஓட்டுக்கூரையிலும் பரணிலும் வாழும் கறுப்பு எலி சாகிறது, அதற்கும் சில நாள் கழித்து மனிதன் சாகிறான். இந்த வரிசை தெளிவானது.

இந்த வரிசையைக் கண்டுபிடிக்க அவர்கள் ஆயிரமாயிரம் எலிகளை அறுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு எலியும் எந்தத் தெருவில் எந்த வீட்டில் கிடைத்தது என்று சீட்டு எழுதிக் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அறிக்கைகளில் அறுத்தவர் பெயர் இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தவர் பெயர் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்து, பொறியிலிருந்தும் பரணிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் அந்த எலிகளை எடுத்துவந்தவர்கள் யார்? நாங்கள் படித்த பக்கங்களில் அவர்கள் கூலியாட்கள், அவ்வளவுதான். நோய்த்தெள்ளு நிறைந்த எலியின் அருகே முதலில் போன கை அவர்களுடையது. அந்த எலி செத்துக் குளிரத் தொடங்கிய நேரம் அது. தெள்ளு அடுத்த சூட்டைத் தேடும் நேரமும் அதுதான்.

எலி பிடிப்பதில் இன்னொரு சிக்கலும் வந்தது. உயிரைக் கொல்லக்கூடாது என்ற சமயக் கட்டுப்பாடு உள்ளவர்கள் எலி ஒழிப்பை விரும்பவில்லை. இன்றைக்கும் நம் ஊரில் இது உண்டு. கூண்டில் விழுந்த எலியைக் கொல்ல மனமில்லாமல், சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் அடுத்த தெருவில் திறந்துவிடுவார்கள். இரக்கம் நல்லதுதான். அந்த அடுத்த தெரு எப்போதும் எந்தத் தெருவாக இருக்கிறது என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

பிளேக்கின் பெயரால் 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவாக்கப்பட்டது. நெருக்கமான குடியிருப்புகளை இடித்து அகலச் சாலை போடுவது அதன் வேலை. இடித்த அளவுக்குக் கட்டவில்லை. வீடிழந்த ஏழைகள் பக்கத்துச் சந்துகளில் இன்னும் நெருக்கமாக அடைந்தார்கள். கட்டியவற்றில் ஒரு பகுதி தொழிலாளர்களுக்கான ஒற்றையறைச் சால்கள். அவற்றில் பரேலில் உள்ள ஒரு சாலில்தான் 1912 முதல் 20 ஆண்டுகளுக்கு மேல் அண்ணல் அம்பேத்கர் குடும்பம் வாழ்ந்தது. கொலம்பியாவிலிருந்து வந்ததும் அங்கேதான். இலண்டனிலிருந்து வந்ததும் அங்கேதான். மகாட் போராட்டத்துக்குப் புறப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். பின்னர் 1930களில்தான் ராஜகிருகத்துக்குக் குடிபோனார். எலிக்குப் பயந்து உருவான நிறுவனம் கட்டிய சாலில், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் தலைவர் இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்தார். வரலாறு இப்படியும் சில கணக்குகளை எழுதிவைக்கிறது.

தமிழ்ப்பகுதிக்கு வருவோம். 1898இல் பெங்களூருக்கு நோய் வந்தது. அங்கிருந்து ரயில் வழியே இறங்கிவிடுமோ என்று சென்னை மாகாணம் ரயில் நிலையங்களில் பயணிகளைச் சோதித்தது. ஊர் வந்து சேர்ந்தவர்களை நாள்கணக்கில் கண்காணித்தது. கோயம்புத்தூர் மிகவும் அடிபட்ட ஊர். அங்கே இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. நோயையே தாயாக்கிக் கும்பிட்ட மக்களின் பயத்தை நாம் கேலி செய்யத் தேவையில்லை. அன்று அவர்களுக்கு வேறு மருத்துவமனை எது?

இன்னொரு பக்கம் இலங்கைத் தோட்டங்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். பிளேக் பயத்தின் பெயரால் அவர்கள் முதலில் தூத்துக்குடி அருகே தட்டப்பாறையிலும் பிறகு மண்டபத்திலும் முகாம்களில் அடைத்துவைக்கப்பட்டு, துணிகளை வேகவைத்து, உடம்பைச் சோதித்துத்தான் கப்பலேற்றப்பட்டார்கள். அதே கடலில் அரிசி மூட்டைகள் எலிகளோடு போய்க்கொண்டிருந்தன. 1914இல் கொழும்பில் பிளேக் வந்தபோது அது கூலியின் உடம்பில் வரவில்லை. துறைமுகமும் தானியக் கிடங்கும் சார்ந்த வழியில்தான் வந்தது. மண்டபம் முகாம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது.

வயல் எலியின் கதை வேறு. ஆனால் கை அதே கைதான். தஞ்சைப் பகுதியில் மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் கிட்டி இருக்கிறது. மாலையில் வரப்போரம் நட்டுவிட்டு விடியலில் போய்ப் பார்ப்பார்கள். எலிக்கு இவ்வளவு என்று கூலி. கிட்டி நடுபவர்கள் பெரும்பாலும் சேரி மக்களும் பழங்குடிகளும்தான். எந்த வளை புதியது, எலி எந்தப் பக்கம் தப்பும், எந்தப் பருவத்தில் எவ்வளவு தூரத்துக்கு ஒரு கிட்டி வேண்டும் என்பதெல்லாம் எழுதப்படாத பாடம். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து இருளர்கள் வளையைத் தோண்டியும் புகை போட்டும் பிடிப்பார்கள். அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, துளையில் வாய் வைத்து ஊதிப் புகையை வளைக்குள் செலுத்துவார்கள். உதடு வெந்துபோகும், நெஞ்சு கெட்டுப்போகும். கையால் சுழற்றிப் புகை விடும் இரும்புக் கருவி ஒன்றை ஒரு தன்னார்வ அமைப்பு 2003க்குப் பிறகு அவர்களுக்குக் கொடுத்தது. நூற்றாண்டுக் கணக்கில் ஊருக்கு நெல் மிச்சப்படுத்திக் கொடுத்தவர்களின் உதடு வேகாமல் இருக்க ஒரு கருவி செய்வதற்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சுத்தமாகக் கொறித்து அடுக்கிய கதிர். கூலி நெல் கிடைக்காத மாதங்களில் அதுவே கஞ்சி. எலிக்கறியும் உணவுதான். இதைச் சொல்லக் கூச்சப்பட்ட தலைமுறை நம்முடையது. பீகாரில் ஒரு சாதியின் பெயரே முசகர். எலியைக் கொண்டு வந்த பெயர். 2008இல் அந்த மாநிலச் சமூக நலத்துறை அதிகாரி ஒருவர் எலிக்கறியை உணவகங்களில் பரப்பலாம் என்று யோசனை சொன்னார். நாடே சிரித்தது. 2014இல் அந்தச் சாதியிலிருந்து ஜீதன் ராம் மாஞ்சி முதலமைச்சரானார். தானும் எலி தின்றதுண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். அவருடைய அரசியலோடு நமக்கு எவ்வளவோ மாறுபாடு உண்டு. அந்த ஒரு வாக்கியத்தில் மாறுபாடு இல்லை. நிலம் தராமல், கூலி தராமல், எலிக்கறியைப் பெருமையாக்குவது மோசடி. அதைத் தின்றதற்காக அருவருப்பதும் மோசடிதான்.

2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தின் தொடக்கக் காட்சிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வயலில் எலி பிடிக்கும் இருளர்கள். பிறகு ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுக்குள் பாம்பு புகுந்ததும் ராஜாக்கண்ணுவைக் கூப்பிடுகிறார்கள். உள்ளறை வரை போய்ப் பிடித்துத் தருகிறான். சில நாளில் அந்த வீட்டில் நகை காணாமல் போக, உள்ளே வந்து போனவன் அவன்தான் என்று அவன் மேல் பழி விழுகிறது. படத்துக்கு அடிப்படையான 1993 வழக்கில் இறந்த ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படம் இருளராக மாற்றியது குறித்த விவாதத்தை நாம் அறிவோம். அய்யாவின் அம்மாவும் இதே அச்சத்தோடுதான் பரணில் ஏறியிருக்கிறார். இறங்கியதும் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வருவாராம். யாரும் கேட்கமாட்டார்கள். இவராகவே உதறிக் காட்டுவார்.

1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்ற செய்தி வந்ததும் சில நாள்களில் இலட்சக்கணக்கானவர்கள் ரயிலேறினார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருந்து இருந்தது, 1896 இல்லை இது. ஆனாலும் ஓட்டம் அப்படியே இருந்தது. முதலில் ஓடியவர்களில் தனியார் மருத்துவர்கள் பலர். தங்கி வெள்ளத்தில் செத்த கால்நடைகளையும் குப்பையையும் எலியையும் அள்ளியவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள். அடுத்த ஆண்டுகளில் சூரத் நாட்டின் தூய்மையான நகரங்களில் ஒன்று என்று பாராட்டப்பட்டது. பாராட்டு ஆணையருக்குப் போனது. மும்பையில் இன்றும் இரவில் டார்ச்சும் தடியுமாக எலி அடிக்கும் பணியாளர்கள் இருக்கிறார்கள். ஓர் இரவுக்கு 30 எலி என்பது கணக்கு. விடிந்ததும் எண்ணிக் கொடுக்க வேண்டும்.

பிளேக் குறைந்துவிட்டது. எலிக்காய்ச்சல் குறையவில்லை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நிற்பவருக்கு அது வருகிறது. சாக்கடைக்குள் இறங்குபவர், சேற்றில் நடவு நடுபவர், மழைநாளில் முழங்கால் தண்ணீரில் குப்பை அள்ளுபவர். பூட்ஸும் கையுறையும் கொடுத்து, வெள்ளக் காலத்தில் மருத்துவர் சொல்லும் தடுப்பு மாத்திரையும் கொடுத்தால் பெரும்பகுதி தவிர்க்கக்கூடிய நோய். 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் அரசு அந்த மாத்திரையை ஊர் ஊராக வழங்கியது. ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கேட்டுப் பாருங்கள், கையுறை எப்போது கடைசியாகக் கிடைத்தது என்று.

வீட்டு எலிக்கு என்ன வழி என்று மாணவர்கள் கேட்கலாம். பேச்சுக்குத் தொடர்பில்லாத கேள்வியல்ல. ஓர் எலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஈற்றுக்கு ஆறு முதல் பத்து வரை. பொறியால் அதை முந்த முடியாது. பிளேக் ஆய்வுகளும் கடைசியில் வந்து நின்ற இடம் தானியத்தை எலி எட்டாத கலத்தில் வைப்பது, சுவர்ப் பொந்தை அடைப்பது, குப்பையைத் தேங்கவிடாமல் அள்ளுவது என்பதுதான். இதில் முதல் இரண்டும் வீட்டுக்காரர் வேலை. மூன்றாவது நகராட்சி வேலை. நம் குடியிருப்புகளில் குப்பை வண்டி வாரம் ஒருமுறை வந்தால் அதுவே அதிகம். மேலத்தெருவுக்குத் தினமும் வரும். பிறகு, அவர்கள் தெருவில்தான் எலி அதிகம் என்று நம்மைச் சொல்வார்கள். மருந்து வைப்பதில் ஓர் எச்சரிக்கை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை நம் குடும்பங்களில் எலியைவிட மனிதரை அதிகம் கொன்றிருக்கிறது. பரீட்சைத் தோல்வி, கடன், காதல், அவமானம் எதுவானாலும் கைக்கு எட்டும் இடத்தில் அது இருந்தது. தமிழக அரசு அதைத் தடை செய்திருக்கிறது. ஆனாலும் உங்கள் தெருப் பெட்டிக்கடையில் விற்கிறதா என்று பாருங்கள். விற்றால் புகார் கொடுங்கள்.

அய்யாவின் அம்மா ஓய்வுபெற்ற அன்று வேலை செய்த ஊரில் சால்வை எதுவும் போர்த்தவில்லை. அலுவலகப் பதிவேட்டில், எந்தத் தேதியில் எந்தத் தெருவில் எத்தனை எலி என்று பல ஆண்டுக்கு வரி வரியாக இருந்ததாம். அய்யா போய்ப் பார்த்திருக்கிறார். எலியின் எண்ணிக்கை எல்லா நாளும் சரியாக இருந்தது. எடுத்தவர் பெயருக்குப் பத்தி இல்லை. தகர டப்பாவை மட்டும் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கழுவி, வெயிலில் காயவைத்து, அதில் அரிசி போட்டு வைத்திருந்தார். மூடி நன்றாகப் பொருந்தும், எலி நுழையாது என்பாராம்.